ஜேபி தாண்டி கடலோரமா சின்ன ஊர் ஏதாச்சும் இருக்கா? காலைல போய் ராத்திரி திரும்பணும்

5 ஜூன் 2025, "புங்கோல்வாசி" கேட்டது

சிங்கப்பூர்ல இருந்து பாலம் தாண்டி ஜேபி (மலேசியாவோட ஜோகூர் பாரு) போனா மால், மசாஜ், கார் கழுவுறது, இதைத் தவிர ஒண்ணும் கிடையாதுன்னு ஆபீஸ்ல எல்லாரும் அடிச்சு சொல்றாங்க. அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, மால் பாத்துப் பாத்து சலிச்சுப் போயிட்டாங்க. பாலம் தாண்டி கடல் பக்கமா சின்ன ஊர் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. ரூம் போட முடியாது, ஞாயித்துக்கிழமை எனக்கு ட்யூட்டி.

5 ஜூன் 2025, ராத்திரி

மாலை விட்டு வெளிய வராதவங்க பேசுற பேச்சு அது. ஜோகூருக்கு மூணு பக்கமும் கடல் தம்பி, பாலத்துல இருந்து தெரியுற அந்தத் துண்டுத் தண்ணி மட்டும் இல்ல.

மேற்கே பொந்தியான். அதுக்குத் தெற்கே குக்குப். இன்னும் தெற்கே தஞ்சோங் பியாய், ஆசியாக் கண்டத்தோட பெருநிலம் தெற்குல அங்கதான் முடியுது. கிழக்கே பெங்கேராங் பக்கம் சுங்கை ரெங்கிட், அதுக்குப் பாலமே வேண்டாம், சாங்கில இருந்து படகுல போயிடலாம். தேசாருவ வேணும்னேதான் விட்டேன், அது ரிசார்ட்டு, ஊர் இல்ல.

ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன். மணல்ல நடந்து கால் நனைக்கணும்னு அம்மாவுக்கு ஆசைன்னா மேற்குப் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க, கரை முழுக்க சேறும் அலையாத்தி மரமும்தான். மெரினா பாத்துப் பழகுனவங்க கார விட்டு இறங்குன உடனே "இதையா பாக்க வந்தோம்"னுதான் கேப்பாங்க. எங்க அத்தை (வீட்டுக்காரரோட அம்மா) அப்படித்தான் கேட்டாங்க. சாயங்காலம் கிளம்பலாம்னா எந்திரிக்கவே இல்ல, அது வேற கதை, நேரம் இருக்கறப்ப எழுதறேன்.

6 ஜூன் 2025

ஊர் எதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி அம்மா பாஸ்போர்ட்ட எடுத்துப் பாருங்க. இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2023 டிசம்பர்ல இருந்து விசா கேக்கறதில்ல, 30 நாள் வரைக்கும் இருக்கலாம், அந்தச் சலுகைய 2026 கடைசி வரைக்கும் நீட்டியிருக்காங்க. அதனால அந்தப் பக்கம் போறது சுலபம், திரும்பி வர்றதுலதான் சிக்கல். அம்மாவோட சிங்கப்பூர் விசா பலமுறை வர்ற விசாவான்னு பாருங்க. ஒரு தடவை மட்டும்னு இருந்தா பாலத்தைத் தாண்டுன உடனே அது காலி, அம்மா அந்தப் பக்கமே நிக்க வேண்டியதுதான்.

அப்புறம் மலேசியாவுக்கு டிஜிட்டல் அரைவல் கார்டு, போறதுக்கு மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போடணும். சிங்கப்பூர் குடிமக்களுக்கு வேண்டாம், ஆனா இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிற பிஆர் (நிரந்தரவாசி), வேலை பாஸ் ஆளுங்க எல்லாரும் போடணும். திரும்பறப்ப அம்மாவுக்கு சிங்கப்பூர் அரைவல் கார்டும் புதுசா ஒண்ணு. ரெண்டுமே இலவசம். கூகுள்ல தேடுனா மேல வர்ற சில சைட்டுங்க இதுக்கே காசு புடுங்குது, அரசாங்க சைட்டான்னு பாத்துட்டு உள்ள போங்க. நீங்க பிஆர்னா உங்க ரீ-என்ட்ரி பெர்மிட் தேதியையும் பாத்துக்குங்க, பக்கத்துல தான போறோம்னு நெனச்சு வம்புல மாட்டிக்காதீங்க.

6 ஜூன் 2025, கொஞ்ச நேரம் கழிச்சு

எத்தனை மணிக்குக் கிளம்பறதுன்னு கேட்டீங்க. இந்த மாதிரி பயணத்துல கிலோமீட்டர் கணக்கே உதவாது. பாலம் எப்ப விடுதோ அதுதான் நேரம். துவாஸ் பாலத்துல இருந்து பொந்தியானுக்கு ரோடு காலியா இருந்தா ஒரு மணி நேரம் போல, ஆனா லீவு சமயத்துல கார்ல போறவங்க பாலத்துலயே 3 மணி நேரம் வரைக்கும் நின்னிருக்காங்க. சனிக்கிழமைன்னா விடியறதுக்கு முன்னாடி கிளம்புங்க. எட்டு மணிக்கு பல் விளக்கிட்டு இருந்தீங்கன்னா அன்னைக்கு மாலுக்கே போயிடுங்க.

இன்னொரு விஷயம், பழைய ஆளுங்க "ஞாயித்துக்கிழமை போ, அங்க கூட்டமே இருக்காது"ன்னு சொல்வாங்க. அது ஒரு காலத்துல சரி. 2014ல இருந்து ஜோகூர்ல வெள்ளி சனிதான் வார லீவு, ஞாயிறு அவங்களுக்கு வேலை நாள். இந்த வருஷம் ஜனவரி 1ல இருந்து மறுபடி சனி ஞாயிறுக்கு மாத்திட்டாங்க. இப்ப நமக்கும் அவங்களுக்கும் ஒரே நாள்ல லீவு. அதனால வார நாள்ல ஒரு நாள் லீவு எடுக்க முடிஞ்சா அதை விட நல்லது கிடையாது.

8 ஜூன் 2025

கார்ல போறவங்களுக்கு.

கிளம்பறப்ப டேங்க்ல முக்கால் வாசி பெட்ரோல் இருக்கணும், சிங்கப்பூர் நம்பர் வண்டிக்குத்தான் இந்தச் சட்டம். 1989ல பாதி டேங்க்னு ஆரம்பிச்சு 1991ல முக்காலுக்கு ஏத்துனாங்க. 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் ஃபைன், திருப்பியும் அனுப்பிடுவாங்க. அந்தப் பக்கம் போய் நிரப்பறதுன்னா ரான் 97 தான். மஞ்சள் கைப்பிடி பம்புல கை வைக்காதீங்க, அது ரான் 95, வெளிநாட்டு வண்டிக்கு விக்கக் கூடாது. ஆளுங்க போன்ல படம் புடிச்சு முகநூல்ல போட்டுடறாங்க, அப்புறம் உங்க வண்டி நம்பர ரெண்டு நாடும் பாக்கும்.

டச் அண்ட் கோ கார்டுல காசு இருக்கணும், டோலுக்கும் ரோடு சார்ஜுக்கும். நம்ம பக்கம் குடிநுழைவுல க்யூஆர் கோடு வந்ததுல இருந்து (2024 மார்ச்) கார்ல இருக்கிற எல்லாருக்கும் சேத்து ஒரே கோடு போட்டுக் காட்டிட்டுப் போயிடலாம். அதுக்காக பாஸ்போர்ட்ட வீட்டுல வச்சுட்டுப் போயிடாதீங்க, பாலம் தாண்டுனா மலேசியாக்காரர் கை நீட்டுவாரு. சிரிக்காதீங்க, எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் பாதிப் பாலத்துல இருந்து சம்சாரத்துக்குப் போன் பண்ணிருக்காரு.

விஇபி (வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள்ள நுழையற பெர்மிட்) பத்தி தனியா எழுதறேன், அது பெரிய ரோதனை.

15 ஜூன் 2025

புங்கோல்வாசி பதிலே காணோம். போனாரா இல்ல பாலத்துலயே நிக்கறாரா தெரியல.

பொந்தியான் கதைய சொல்றேன்னு சொன்னேன்ல. நாங்க ஜூரோங் வெஸ்ட், அதனால எங்களுக்கு எப்பவும் துவாஸ்தான். 1998ல திறந்த ரெண்டாவது பாலம், நீளம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஊட்லண்ட்ஸ் காஸ்வே அதுல பாதி தூரம்தான், ஆனா அங்க மாட்டுனா பாதி நாள் போயிடும், மேற்குப் பக்கம் இருக்கறவங்களுக்கும் பொந்தியான் போறவங்களுக்கும் துவாஸ்தான் வசதி. பாலம் இறங்கி கொஞ்ச நேரத்துல ரெண்டு பக்கமும் செம்பனைதான் (பாமாயில் மரம்), முடிவே இல்லாம, அத்தை ஜன்னல் வழியா பாத்துட்டு "இத்தனை மரத்துலயும் ஏறி யாரு வெட்டுவா"ன்னு கேட்டாங்க. ஏற மாட்டாங்க, நீளக் கம்பு முனைல அரிவாள் கட்டி கீழ இருந்தே இழுக்கறாங்கன்னு இவரு சொன்னாரு. அத்தை நம்பல. போற வழியிலயே ஒரு ஆளு கம்போட நின்னுட்டு இருந்தாரு, வண்டிய நிறுத்திக் காட்டுனோம்.

பெக்கான் நானாஸ் வந்தா அன்னாசி. ஊர் பேரே அதுதான். அங்க மண்ணு கருப்பா சதசதன்னு இருக்கும், மக்கிப் போன காட்டு மண்ணு, அதுல வேற பயிர் சரியா வராது, அன்னாசிக்கு அதுதான் புடிக்குது. ரோட்டோரக் கடைல வெட்டிக் குடுக்கறாங்க. எம்டி2ன்னு ஒரு வகை, நாக்கு அரிக்காம தேன் மாதிரி இருக்கும். அத்தை உப்பு மிளகாப்பொடி கேட்டு அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே சோயா சாஸ் கலந்த மிளகாய நீட்டுனாங்க, அத்தை தொட்டு சாப்ட்டுட்டு "பரவால்ல"ன்னாங்க. அவங்க வாயில பரவால்லன்னா பெரிய விருது.

பொந்தியான் ஊருக்குள்ள பாக்கறதுக்குன்னு ஒண்ணும் இல்ல, அதுதான் அந்த ஊரோட அழகு. பழைய கடைவீடுங்க, நடுப்பகல்ல பாதிக்கடை தூங்கும். வந்தான் மீன்னு ஒரு சீன நூடுல்ஸ், எல்லாரும் சொல்வாங்க, தக்காளி சாஸும் மிளகாயும் போட்டு செவப்பா கிளறித் தருவாங்க, பன்றி இறைச்சி சேரும், சாப்பிடாதவங்க முன்னாடியே பாத்துக்குங்க. நாங்க மாமாக் கடைல (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாய் சாப்ட்டோம், நம்ம பிராட்டாவ விட மெல்லிசு, பருப்புக் குழம்பு தனியா. பசங்க ஆளுக்கு எத்தனை உள்ள தள்ளுனாங்கன்னு நான் எண்ணல, பில்லு வந்தப்ப இவரு எண்ணுனாரு.

தஞ்சோங் பியாய்தான் அன்னைக்கு முக்கியம். தேசியப் பூங்கா, உள்ள போக டிக்கெட். அலையாத்திக் காட்டுக்கு நடுவுல நடைபாதை போட்டு கடல் வரைக்கும் கூட்டிட்டுப் போறாங்க. அத்தை சிதம்பரத்துக்காரங்க, "பிச்சாவரத்துல இல்லாததா"ன்னு ஆரம்பிச்சாங்க. நியாயம்தான், மரம் அதே மரம், வேர் அதே மாதிரி தண்ணிக்கு மேல நிக்குது. ஆனா அங்க படகுல உக்காந்து மேலோட்டமா பாக்கறோம், இங்க தண்ணி வத்துன நேரத்துல நடைபாதைல குனிஞ்சா சேறு முழுக்க உசுரு. விரல் நீளத்துல ஒரு மீனு, கண்ணு ரெண்டும் மண்டைக்கு மேல முட்டிக்கிட்டு, முன் துடுப்ப ஊனி ஊனி சேத்துல நடக்குது. இன்னொண்ணு வந்தா முதுகுத் துடுப்ப விரிச்சுக்கிட்டு மல்லுக்கு நிக்குது. ஒரு கை மட்டும் பெருசா இருக்கிற நண்டு, அந்தக் கைய வா வான்னு கூப்புடற மாதிரி ஆட்டிட்டே இருக்கு. அத்தை அங்கயே நடைபாதைல சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. பூமி உருண்டை மாதிரி ஒண்ணு வச்சு ஆசியாவோட தென்கோடின்னு எழுதியிருக்காங்க, எல்லாரும் ஓடிப் போய் படம் எடுக்கறது அங்கதான். அத்தை அதைத் திரும்பியே பாக்கல, நண்டுதான்.

குரங்குங்க இருக்கு, கைல ரொட்டிப் பாக்கெட் வச்சிருக்காதீங்க.

15 ஜூன் 2025, விட்டுப் போனது

போன் கடிகாரம்! தென்கோடில எதிர்ல தெரியுறது இந்தோனேசியாவோட கரிமுன் தீவு. போன் சில சமயம் அந்த ஊரு டவர புடிச்சுக்கும், புடிச்சா நேரம் ஒரு மணி பின்னால போயிடும், மலேசியா சிங்கப்பூர் நேரம் ஒண்ணு, கரிமுன் நேரம் ஒரு மணி கம்மி. எங்க வீட்டுக்காரரு "இன்னும் நாலு மணிதான் ஆகுது"ன்னு ஜம்முனு உக்காந்திருந்தாரு. என் கைக்கடிகாரத்துல அஞ்சு தாண்டிடுச்சு. அது ஒரு மணி நேரம் ஓசில கெடச்ச மாதிரி ஆயிடுச்சு, பொந்தியான் திரும்பி வந்து கடலோரத்துல சூரியன் மறையறதையும் பாத்துட்டுத்தான் கிளம்புனோம். மேற்குக் கரை, அதனால நேரா தண்ணிக்குள்ள இறங்கும், ஏழு ஏழேகால் போல. ரோமிங் பில்லையும் கவனிங்க, டேட்டாவ ஆஃப் பண்ணி வைங்க.

22 ஜூன் 2025

"தோட்டத்துப்பையன்" குலாய்ல இருந்து எழுதியிருக்காரு: "சிங்கப்பூர்க்காரங்க பொந்தியான்ல வந்தான் மீ சாப்ட்டுட்டுப் போயிடறீங்க, ஜேபி நகரத்துலயே கண்ணாடிக் காளியம்மன் கோயில் இருக்கே அக்கா, அம்மாவ அங்க கூட்டிட்டுப் போகச் சொல்லலாமே."

தம்பி, கோயில் அருமையான கோயில், சுவரு கூரை எல்லாம் கண்ணாடித் துண்டு, அது சரி. ஆனா அது ஜேபி நடுவுல. கடலுக்குப் போறவங்க ஜேபிக்குள்ள நுழைஞ்சா மதியம் ஆயிடும். ஒரு நாள்ல ஒரு ஊர், இதுதான் நான் திரும்பத் திரும்ப சொல்றது. கோயில், மீ, தென்கோடி, குக்குப் நண்டு எல்லாத்தையும் ஒரே சனிக்கிழமைல அடைக்கிற ஆளுங்க கடைசியில பாத்தது காரோட டேஷ்போர்டு மட்டும்தான்.

செம்பனை விஷயத்துல அவரு ஒண்ணு சேத்திருக்காரு, உயரமான மரத்துக்குத்தான் கம்புல அரிவாள், சின்ன மரத்துக்கு உளி மாதிரி ஒண்ணு, குத்தித் தள்ளுவாங்களாம். அவங்க தாத்தா காலத்துல அதே நிலம் ரப்பர் தோட்டமா இருந்துச்சாம், விடியக்காலைல பால் மரம் சீவப் போவாங்களாம். இதைப் பத்தி நீங்க தனியா எழுதுங்க தம்பி, நான் படிக்கறேன்.

2 ஜூலை 2025

விஇபி. நேத்து ஜூலை 1ல இருந்து சும்மா எச்சரிக்கை கிடையாது, சிங்கப்பூர் கார்ல விஇபி இல்லன்னா 300 ரிங்கிட் அபராதம். 3 ரிங்கிட் ரொட்டிக்கு ஆசைப்பட்டு 300 கட்டாதீங்க. ஆன்லைன்ல பதிஞ்சு, டேக் வாங்கி, வண்டில ஒட்டி, அது ஆக்டிவ் ஆகி, அப்புறம்தான் போகணும். பதிவு மட்டும் பண்ணிட்டு "பண்ணிட்டேன்ல"ன்னு கிளம்புறவங்க இருக்காங்க, ஒட்டுனாத்தான் கணக்கு. நான் பதிஞ்சப்ப பேருல இன்ஷியல் முன்னாடியா பின்னாடியான்னு ஒரு வாரம் இழுத்தடிச்சாங்க. நம்ம பேரு வச்சிருக்கறவங்க எல்லாரும் லாக் கார்டுல (வண்டிப் பதிவு அட்டை) எப்படி இருக்கோ அப்படியே எழுத்து மாறாம போடுங்க.

2 ஜூலை 2025

கார் இல்லாதவங்க கேட்டதுக்கு: பஸ்ல போகலாம். ஜேபி போய், அங்க இருந்து லார்கின் பஸ் நிலையம், லார்கின்ல பொந்தியான் பஸ். பொந்தியான்ல இருந்து குக்குப்போ தென்கோடியோ போக கிராப் டாக்ஸி பாக்கணும், போறதுக்குக் கிடைக்கும், திரும்பறதுக்குக் கிடைக்கறது சந்தேகம், அதனால கொண்டு போய் விட்டவரையே பேசி நிக்க வச்சுக்குங்க. பாலத்துல ஒவ்வொரு பக்கமும் இறங்கி ஏறணும், மூட்டைய பஸ்லயே வச்சுட்டு இறங்காதீங்க, அதே பஸ் உங்களுக்காக நிக்காது, அடுத்து வர்ற அதே கம்பெனி பஸ்ல ஏறிக்கலாம்.

ஊட்லண்ட்ஸ்ல இருந்து ஜேபிக்கு ரயில் இருக்கு, தெப்ராவ் ஷட்டில், அஞ்சே நிமிஷம். ஆனா வார இறுதி டிக்கெட் எல்லாம் ரொம்ப முன்னாடியே தீந்துடும்.

20 ஜூலை 2025

நேத்து குக்குப். எழுதுங்கன்னு சொன்னவங்களுக்காக இல்ல, எனக்கே வாய் அரிக்குது.

ஊரு தரைல இல்ல, தண்ணிக்கு மேல. கம்பு ஊனி பலகை போட்டு அது மேல வீடு, வீட்டுக்கு வீடு பலகைத் தெரு, அதுல சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் தடதடன்னு போகும், நாம ஓரமா ஒட்டிக்கிட்டு நிக்கணும். சீன மீனவக் குடும்பங்கதான் பெரும்பாலும். ஒரு வீட்டு வாசல்ல கூனி இறால பாய்ல பரப்பிக் காயப் போட்டிருந்தாங்க, ஒரு பாட்டி உக்காந்து சின்னச் சின்ன நண்டு, வைக்கோல் மாதிரி கிடக்கற குச்சி எல்லாத்தையும் விரலால பொறுக்கி எறிஞ்சுட்டு இருந்தாங்க, தலைய நிமிராம. எங்க அம்மா கூடைக் கருவாடு ஆயறப்ப இதே வேகம். நான் நின்னு பாத்துட்டே இருந்தேன், அவங்க ஒரு கைப்பிடி எடுத்து என் கைல வச்சுட்டு மறுபடி வேலைல இறங்கிட்டாங்க.

தண்ணி வத்துன நேரம் போனா நாத்தம் அடிக்கும், வீட்டுக்குக் கீழ சேறும் பிளாஸ்டிக்கும் தெரியும், மூக்கு நீளமானவங்க தண்ணி ஏறுற நேரம் பாத்துப் போங்க. தென்கோடிக்கு நான் சொன்னதுக்கு நேர் எதிர் இது. அங்க வத்தணும், இங்க ஏறணும். அலை நேரம் நெட்ல கிடைக்குது, ஒரே நாள்ல ரெண்டு இடமும் வேண்டாம்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்ல குக்குப் தீவு, ஆளே இல்லாத முழு அலையாத்தித் தீவு, 2003ல ராம்சர் ஈரநிலப் பட்டியல்ல தென்கோடியும் இதுவும் ஒண்ணா சேந்துச்சு. நாங்க தீவுக்குப் போகல, கெலோங்குக்குப் போனோம், கடல்ல மிதக்குற மீன் பண்ணை. ஒரு மீனு இருக்கு, தண்ணிக்கு மேல கம்புல இரைய ஒட்டி வச்சா வாயால தண்ணிய பீச்சி அடிச்சு விழ வைக்கும். குறி தப்பறதில்ல. என் சின்னவன் விரலுக்கு நடுவுல இரைய வச்சுக்கிட்டு நீட்டுனான், மீனு அடிச்சது அவன் மூக்குக் கண்ணாடில. அந்த மீனுக்கு நேத்து ரெண்டு ரசிகர் மன்றம்.

இப்ப சாப்பாடு. உக்காந்த கடை பேரு வேண்டாம். நண்டு, இறால், லாலா சிப்பி எல்லாம் நல்லாவே இருந்துச்சு, குறை இல்ல. ஆனா மெனுல விலைக்குப் பதிலா "இன்றைய விலை"ன்னு போட்டிருந்தா அங்கயே பேனாவ எடுங்க. நூறு கிராமுக்கு எவ்வளவு, இந்த மீனு எவ்வளவு எடை, மொத்தம் எவ்வளவு, மூணையும் வாய்விட்டுக் கேட்டுட்டு அப்புறம் தலையாட்டுங்க. கேக்காத வேர்க்கடலைக்கும் ஈரத் துணிக்கும் கூட பில்லுல தனியா காசு போட்டிருந்தாங்க, வேண்டாம்னா உக்காந்த உடனே திருப்பிக் குடுத்துடணும். இவ்வளவுக்கும் அப்புறம் கணக்குப் போட்டா சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட்ல தின்னதுக்குப் பாதி கூட ஆகல, அதனால முணுமுணுக்கறதோட நிறுத்திக்கறேன்.

21 ஜூலை 2025

எவ்வளவு கொண்டு வரலாம்னு கேட்டிருக்காங்க. 48 மணி நேரத்துக்குக் கம்மியா வெளிய இருந்தா 100 வெள்ளி மதிப்பு வரைக்கும்தான் ஜிஎஸ்டி கிடையாது. மலேசியால இருந்து வந்தா சாராயத்துக்கு சலுகை கிடையாது, சிகரெட்டுக்கு எங்க இருந்து வந்தாலும் கிடையாது. கடல் உணவு சொந்த உபயோகத்துக்கு 5 கிலோ வரைக்கும். இறைச்சி வேண்டாம், பக்குவா (பதப்படுத்துன இறைச்சித் துண்டு) வேண்டாம். கருவாடு, கூனி, பெலாச்சான் (இறால் விழுது) பிரச்சனை இல்ல, ஆனா பெலாச்சான காருக்குள்ள வைக்காதீங்க, மூணு பிளாஸ்டிக் பை போட்டாலும் துவாஸ் வரைக்கும் பேசிக்கிட்டே வரும்.

10 ஆகஸ்ட் 2025

புங்கோல்வாசி வந்துட்டாரு! "அம்மாவ பொந்தியான் கூட்டிட்டுப் போனேன் அக்கா, காலைல அஞ்சு மணிக்குக் கிளம்புனோம், எல்லாம் நல்லா நடந்துச்சு, ஆனா அம்மா கடைசியில ஜேபில ஒரு மால் போயிட்டுப் போலாம்னு சொல்லிட்டாங்க."

சிரிச்சு சிரிச்சு வயிறு வலி. பரவால்ல தம்பி, அவங்களுக்கும் ஊருக்குக் கொண்டு போக சாக்லேட் வேணும்ல.

14 செப்டம்பர் 2025

சுங்கை ரெங்கிட் பத்தி நான் எழுதவே இல்லன்னு ரெண்டு பேரு சண்டைக்கு வந்துட்டாங்க. சரி.

சாங்கி பாயிண்ட் படகுத்துறை, உபின் தீவுக்குப் போறமே அதே இடம். தஞ்சோங் பெங்கெலி போற மரப்படகு, 12 பேரு சேந்தா கிளம்பும், சேரலன்னா மிச்ச ஆளுக்கு உள்ள காச நாமளே பங்கு போட்டுக் குடுத்துக் கிளம்பலாம். பாஸ்போர்ட் அங்கயே பாத்துடறாங்க, வரிசைன்னு ஒண்ணு கிடையாது. தெக்கோங் தீவ ஒட்டிப் போகும். சைக்கிளத் தூக்கிட்டு வர்றவங்கதான் பாதி, சைக்கிளுக்குத் தனிக் காசு. முக்கால் மணி நேரம் போல. பாலத்துல நின்னு நொந்தவங்களுக்கு இது சொர்க்கம், ஆனா டீசல் புகையும் தண்ணித் தெறிப்பும் இருக்கு, இஸ்திரி சட்டை வேண்டாம்.

கரைல இருந்து டாக்ஸி புடிச்சு சுங்கை ரெங்கிட். ஒரே தெரு, சீனக் கடைவீடு, சிங்கி இறால் சாப்பிடத்தான் ஜனம் வருது. ஆனா ஊர் மாறிடுச்சு. பெட்ரோனாஸ் பெரிய சுத்திகரிப்பு ஆலை கட்டுனாங்க, சவூதி அராம்கோ கூட்டு, அதுக்காக கிராமங்கள இடம் மாத்துனாங்க. இப்ப தெருவுல பாதி பேரு ஆலை யூனிஃபார்ம்ல. கடலப் பாத்து உக்காந்தா ஒரு பக்கம் வரிசையா கப்பல், திரும்பினா புகைபோக்கில நெருப்பு. அழகா இருக்குன்னு சொல்ல மாட்டேன். பாக்க வேண்டிய இடம்னு சொல்வேன், நாம ஊத்துற பெட்ரோலுக்கு யாரோ வீட்டை விட்டுப் போயிருக்காங்க.

இந்தக் கரைக்கு எதிர்க் கடல்லதான் பெட்ரா பிராங்காவும் இருக்கு, ரெண்டு நாடும் எனக்கு உனக்குன்னு ஹேக் நீதிமன்றம் வரைக்கும் போய் 2008ல சிங்கப்பூருக்குன்னு தீர்ப்பாச்சே அதே பாறை. மேப்ப எடுத்துப் பாத்தா அது நம்மள விட ஜோகூருக்குத்தான் ரொம்பப் பக்கம். டாக்ஸிக்காரர்கிட்ட அதைப் பேச்செடுத்தாரு எங்க வீட்டுக்காரரு. நான் காலை மிதிச்சேன்.

முக்கியமானது: படகு பகல்ல மட்டும்தான், கடைசிப் படகுக்கு ஆளு சேரலன்னா நீங்கதான் மொத்தப் படகுக்கும் காசு. மதியம் சாப்ட்டு மூணு மணிக்குள்ள கரைக்கு வந்துடுங்க.

21 செப்டம்பர் 2025

புரட்டாசி பொறந்துடுச்சு, இப்பப் போய் சிங்கி இறால் கதை எழுதிருக்கியேன்னு அத்தை ஊர்ல இருந்து போன்ல திட்டு. சைவக்காரங்களுக்கு சொல்றேன், இந்த ஊருங்கள்ல சைவம்னா கஷ்டம்தான், காய்கறி கேட்டாலும் பெலாச்சான் போட்டுடுவாங்க. பொந்தியான் மாமாக் கடை ரொட்டியும் பருப்பும், அதுலயும் குழம்புல என்ன இருக்குன்னு கேட்டுக்குங்க. இல்லன்னா வீட்டுல இருந்து புளிசாதம். தென்கோடி நடைபாதைல பொட்டலத்தப் பிரிச்சா குரங்கு வரும், அதை ஏற்கனவே சொல்லிட்டேன்.

12 அக்டோபர் 2025

அடுத்த வருஷம் ஆர்டிஎஸ் ரயில் வந்தா இதெல்லாம் சுலபமாயிடுமான்னு கேள்வி. ஊட்லண்ட்ஸ் நார்த்ல இருந்து புக்கிட் சாகார் வரைக்கும் 4 கிலோமீட்டர், ஒரு பக்கத்துக்கு மணிக்கு 10,000 பேர் வரைக்கும் ஏத்தும், ரெண்டு நாட்டு குடிநுழைவும் ஏறுற இடத்துலயே முடிஞ்சுடும். 2026 கடைசில ஓட்டறதா திட்டம். ஆனா அது இறக்கி விடறது ஜேபி நடுவுல. அங்க இருந்து பொந்தியானுக்கு வழக்கம் போல லார்கின் போய் பஸ்தான். மாலுக்குப் போறவங்களுக்கு ஜாலி, அவங்க எல்லாம் ரயிலுக்குப் போயிட்டா பாலத்துல நமக்குக் கொஞ்சம் இடம் கிடைக்குமான்னுதான் நான் பாக்கறேன்.

இன்னொண்ணு, தீபாவளி 20ம் தேதி திங்கக்கிழமை, மூணு நாள் சேந்த லீவு. அன்னைக்கு குக்குப் போலாமான்னு கேட்ட "கடலூர்க்காரன்" அவர்களே, கூடாது. ரெண்டு நாட்டுலயும் லீவு. முறுக்கு சுட்டு வீட்டுல இருங்க, அடுத்த வாரம் புதன்கிழமை போங்க.

13 அக்டோபர் 2025

மெர்சிங் கேக்கறீங்க. அது கிழக்குக் கரை, தியோமான் தீவுக்குப் படகு ஏறுற ஊரு, ஜேபில இருந்தே 130 கிலோமீட்டர் போல, பாலத்தையும் சேத்தா ஒரு நாள்ல போய்ட்டு வந்தேன்னு சொல்றவங்க ஊரப் பாத்திருக்க மாட்டாங்க. ரூம் போட்டுப் போறதுன்னா தனி இழை போடுங்க, அங்க வந்து எழுதறேன்.